மரண அறிவித்தலுக்கு ஏற்ற இசை

1

யாழ்ப்பாணத்தில் சஞ்சிகை நடத்தும் நண்பர் ஒருவர், நான் ஜெர்மனிக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆவதையொட்டி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார். என்னென்ன எழுதலாம் என்று ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார். பனி, அகதி முகாம், தனிமை, வெள்ளைக்காரரின் நேரந்தவறாமை. பனியைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. அது பெய்யும். வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையைக் காலை ஏழு மணிக்குள் துப்புரவாக்காவிட்டால் கடிதம் வரும். அகதி முகாமைப் பற்றி என்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். நேரந்தவறாமை என்றால், எங்கள் பக்கம் ரயில் பிந்தித்தான் வருகிறது.

ஆகவே நான் ஓர் இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறேன். அதில் பாட்டு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பட்ட ஏமாற்றத்தை நீங்களும் படவேண்டாம்.

நான் கெல்சென்கிர்ச்சனில் இருக்கிறேன். கிழமை நாட்களில் குளியலறைச் சாமான்கள் வைக்கும் பண்டகசாலை ஒன்றில் தண்ணீர்க் குழாய்களைப் பெட்டி பெட்டியாக அடுக்குவது என் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் மரண அறிவித்தல் வாசிப்பேன். இங்கே உள்ளூர் வானொலி வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுக்கிறது. தமிழ்க்கடை வைத்திருக்கும் குலம் அண்ணை எழுதிப் போட்டு அதை வாங்கிவிட்டார். கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒலிப்பதிவு. மீன் வைக்கும் குளிர்பெட்டி இரையும் என்பதால் அதை நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவோம். ஒருமுறை திரும்பப் போட மறந்து, அந்தக் கிழமை முழுவதும் அறக்குளா மீனைப் பாதி விலைக்கு விற்கவேண்டி வந்தது.

செய்தி, இரண்டு மூன்று சினிமாப் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, கடைசியில் மரண அறிவித்தல். பிறந்தநாள் வாழ்த்தைக் குலம் அண்ணையின் மனைவி வாசிப்பார். ஒருநாள் அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்ததால் நான் வாசித்தேன். முதலாவது பிறந்தநாள் கொண்டாடிய அந்தக் குழந்தையின் தாய் அழுதுகொண்டே தொலைபேசி எடுத்தார். அதோடு என்னை வாழ்த்துப் பக்கம் விடுவதில்லை. என் குரல் அப்படி. "இன்னாரைப் பிறப்பிடமாகவும் இன்னாரை வதிவிடமாகவும்" என்று தொடங்கினால், சமைத்துக்கொண்டிருப்பவர்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பார்களாம்.

இன்ன ஊரை என்று சொல்லவேண்டியது. பாருங்கள், எழுதும்போதுகூட எனக்கு மனிதர்களே ஊர்களாகிவிடுகிறார்கள்.

அறிவித்தலுக்குப் பின்னால் ஒரு ஷெனாய் நாடா ஓடும். ஒன்றரை நிமிடம்தான் வரும். எங்கள் ஆட்களின் குடும்பமோ ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்குவதில்லை. மகன்மார், மருமக்கள், கனடாவில் பேரப்பிள்ளைகள், காலஞ்சென்ற சகோதரர்கள், சகலன்மார். ஆகவே நடுவில் நிறுத்தி, நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபடி தொடங்குவோம். அந்த நாடா ஒருநாள் இயந்திரத்துக்குள் சிக்கி, மூடியைத் திறந்தபோது இடியப்பமாக வெளியே வந்தது.

2

என் மகள் ஆரணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் ஒன்பது வயதில் செலோ என்ற அந்தப் பெரிய வாத்தியத்தை இரவல் கொடுத்தார்கள். வயலினைப் போல, ஆனால் காலுக்கிடையில் வைத்து வாசிக்கவேண்டும். பிள்ளை கெட்ட சகவாசத்துக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாள் என்று நானும் மனைவி பவானியும் சந்தோஷப்பட்டோம். அதுவே சகவாசமாகும் என்று யாருக்குத் தெரியும்?

பள்ளி முடித்ததும் வரி ஆலோசகர் ஒருவரிடம் அவுஸ்பில்டுங் கிடைத்தது. வேலை பழகும் மூன்று வருடப் படிப்பு. இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் அந்தச் சொல்லைத் திருநீறு பூசிக்கொண்டு சொல்லாத குறைதான். இரண்டாம் வருடத்தின் நடுவில் அவள் அதை விட்டுவிட்டாள். நான்கு ஜெர்மன் பெடியன்களோடு சேர்ந்து ஒரு குழுவாம். கிட்டார், மேளம், அதோடு பன்னிரண்டு வயலின்காரர், கொம்பு ஊதுகிறவர்கள். எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பது ஆரணி. பாடுவது யார் என்று கேட்டேன். ஒருவரும் பாடுவதில்லை என்றாள்.

"பாட்டில்லாத பாட்டைக் கேக்க ஆர் வருவினம்? உனக்கென்ன விசரோ?" என்று கத்தினேன். இன்னும் சில சொன்னேன், அவற்றை எழுதமாட்டேன். அவள் செலோவைத் தூக்கிக்கொண்டு டோர்ட்மண்டுக்குப் போய்விட்டாள். ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. அந்தத் தூரத்தைப் பத்து மாதமாக நாங்கள் இருவரும் கடக்கவில்லை. தாயோடு மட்டும் தொலைபேசியில் கதைப்பாள்.

கடையில், கோவிலில், கொண்டாட்டங்களில் ஆட்கள் கேட்பார்கள், பிள்ளை என்ன செய்கிறா என்று. அவுஸ்பில்டுங் மூன்றாம் வருடம் என்பேன். முதல்முறை சொல்லும்போது நாக்குக் கூசியது. பிறகு பழகிவிட்டது.

அப்போதுதான் தபாலில் அவளுடைய குழுவின் சீடி வந்தது. கடிதம் இல்லை, என் பெயருக்குத்தான் வந்திருந்தது. மட்டையில் காலியான நாற்காலிகளின் படம். போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஐம்பத்திநான்கு நிமிடம், யாராவது பாடத் தொடங்குவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு கிட்டார் மெதுவாக, பிள்ளை படியேறப் பழகுவதைப் போலத் தொடங்கியது. வயலின்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இப்போது பாடப்போகிறார்கள் என்று நிமிர்ந்தால் கொம்பு ஊதியது. அழுகை வருவதற்கு முன் தொண்டை இறுகுமே, ஒரு பாட்டில் அந்த இறுக்கத்தையே ஏழு நிமிடத்துக்கு இழுத்திருந்தார்கள். பிறகு எல்லாம் நின்று, மேளம் இடிபோல விழுந்தது. கடைசியில் செலோ மட்டும்.

சீடியில் பிழை என்று நினைத்தேன். பாட்டுப் பகுதி பதிவாகவில்லைப் போலும். கீழ்வீட்டு ஹெர் கோவால்ஸ்கி நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, சரிபார்க்கச் சொன்னேன். மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, ஒன்றும் குறையவில்லை, எல்லாம் இருக்கிறது என்றார்.

பிள்ளை ஒன்றை அனுப்பினால் பதில் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? தொலைபேசி எடுத்து "நல்லாயிருக்கு" என்றால், முன்பு கத்திய வாய் எங்கே போனது என்று கேட்கமாட்டாளா? மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் சனிக்கிழமை. சீடியைப் பையில் வைத்துக்கொண்டு வானொலிக்குப் போனேன். என் மகளின் இசை காற்றில் போகட்டும், அதுதான் என் பதில் என்று நினைத்தேன். மரண அறிவித்தலுக்குப் பின்னால் போகிறதே என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. எங்கள் நிகழ்ச்சியில் ஆட்கள் உண்மையாகக் காதுகொடுத்துக் கேட்பது அந்தப் பகுதியைத்தான்.

3

ஆனால் பையில் இருந்தது மூல சீடி அல்ல. ஒரு பிரதி எடுத்து, மேலே "சோகம்" என்று எழுதியிருந்தேன். யாருடைய இசை என்று குலம் அண்ணை கேட்டபோது, ஆரோ ஒரு ஜெர்மன்காரர் என்றேன். மகளுடையது என்றால் அவுஸ்பில்டுங் எங்கே போனது என்ற கேள்வி வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வானொலி நிலையத்துக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். எந்த இசை, எத்தனை நிமிடம், ஆக்கியவர் பெயர். அந்தப் படிவத்தை நிரப்புவதும் நான்தான். ஜெர்மன் படிவத்தில் பொய் எழுத எனக்குக் கை வராது. இத்தனை வருடப் பயம். ஆகவே அதில் வாராவாரம் ஆரணி சிவம் என்று அவள் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ஜெர்மன் மொழியில் உண்மையும் தமிழில் பொய்யுமாக மூன்று மாதம் போனது.

முதலில் அந்த இசையோடு போனது பரமேஸ் அக்காவின் கணவருக்கான அறிவித்தல். பெரிய குடும்பம். பதினொரு நிமிடப் பாட்டு என்பதால் நாடா சுற்றவேண்டிய தேவையில்லை என்று நிம்மதியாக வாசித்துக்கொண்டு போனேன். மேளம் வருவதை மறந்துபோனேன். "கனடாவில் வசிக்கும் ஜெகதீசனின் அன்பு மாமனாரும்" என்ற இடத்தில் எல்லா இசையும் நின்று, மேளமும் கொம்பும் ஒன்றாக இடித்தன. குலம் அண்ணை அரிசி மூட்டையில் சாய்ந்தேவிட்டார்.

மறுநாள் தொலைபேசிகள் வந்தன. திட்டுவார்கள் என்று இருந்தோம். அறிவித்தலைத் தொலைபேசி வழியாகக் கேட்டிருந்த மருமகன் ஜெகதீசன் கனடாவிலிருந்து எடுத்து, தனக்கு இப்படி ஒரு மரியாதையை யாரும் தந்ததில்லை என்று சொன்னாராம். அடுத்த கிழமை இன்னொரு குடும்பம், மூத்த மகனின் பெயருக்கு அந்த இடி விழவேண்டும் என்று கேட்டது. இளைய மகன் தனியாக எடுத்து, தன் பெயருக்கு விழுத்த முடியுமா என்று விசாரித்தார். அப்பாவைப் பார்த்துக்கொண்டது தான்தானாம். நான் மணிக்கூட்டை முன்னால் வைத்து, பேரப்பிள்ளைகளை மெதுவாகவும் சகலன்மாரை வேகமாகவும் வாசித்து, இடியை உரிய ஆளின் தலையில் விழச் செய்யப் பழகினேன். உறவினர் அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டு ஹனோவரிலிருந்து ஒரு முதியவர், தன்னுடைய அறிவித்தலுக்கு மூன்றாவது பாட்டைப் போடும்படி முற்கூட்டியே பதிவுசெய்தார். சுகமாகத்தான் இருந்தார், இப்போதும் இருக்கிறார்.

எல்லாரும் கேட்டார்கள், இந்த இசை யாருடையது என்று. ஆரோ ஜெர்மன்காரர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

வானொலி நிலையத்தில் படிவங்களைப் பார்க்கும் பெண்மணிக்கு ஆச்சரியம். ஒரே குழுவின் இசையைத் தமிழர்கள் மட்டும் ஏன் வாராவாரம் போடுகிறார்கள்? அவர் குழுவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதிவிட்டார். நிகழ்ச்சியின் பெயரையும் மரண அறிவித்தல் என்ற பகுதியின் பெயரையும் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தார்.

ஆரணி தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்குப் பவானியின் பதில்கள்தான் கேட்டன. ஓம். ஓம், செத்த ஆக்களுக்குத்தான். பிறகு, "இல்லைப் பிள்ளை" என்றாள். தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது.

என்ன கேட்டவள் என்று விசாரித்தேன். தன் பேரை அப்பா வானொலியில் சொன்னவரா என்று மட்டும் கேட்டாளாம்.

பவானி சண்டைக்காரி அல்ல. சீடி மட்டையை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாட்டுகளின் தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். நானும் அவற்றை முன்பு வாசித்திருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் விசர்த்தனம் என்று விட்டுவிட்டேன். "இலக்கம் நாற்பத்தேழு." "இரண்டாம் மாடி, அறை பன்னிரண்டு." "படிவத்தின் பின்பக்கம்." "நாளைக்கு வாருங்கள்."

"இது நீங்களும் அவளும் போய் இருக்கிற கந்தோர் எல்லோ," என்றாள்.

வெளிநாட்டவர் அலுவலகம். ஆரணிக்கு ஏழு வயதிலிருந்து, எனக்கு டெர்மின் என்ற சந்திப்புத் தவணை வரும் நாட்களில் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிப் போவேன். என்னுடைய ஜெர்மன் அப்போது தண்ணீர்க் குழாய்க்கு மட்டும்தான் போதும். இலக்கச் சீட்டு எடுத்துக்கொண்டு, சுவரோரமாக நாற்காலியில் இருப்போம். அவளுடைய கால் நிலத்தில் முட்டாது. மணிக்கணக்காக இருவரும் ஒன்றும் பேசுவதில்லை. எனக்கு வாய் வறண்டிருக்கும், அவளுக்கு என் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்திருக்கும். உள்ளே போனதும் நான் தமிழில் இரண்டு நிமிடம் கத்துவேன். அவள் அதை நாலு ஜெர்மன் சொல்லில் அந்த அதிகாரிக்குச் சொல்வாள். அதிகாரி சிரித்துக்கொண்டு முத்திரை குத்துவார். நான் சொன்னதில் எதை விட்டாள், எதைச் சேர்த்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. விசா கிடைத்தது, அதுவே போதும் என்று இருந்தேன்.

அந்தக் காத்திருப்பைத்தான் ஐம்பத்திநான்கு நிமிடமாக எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான் அதன்மேல் சகலன்மாரை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"ஊரிலை செத்த ஆக்களின்ரை பேரன் பேத்தி பேரெல்லாம் வாசிக்கிறியள்," என்றாள் பவானி. "பெத்த பிள்ளையின்ரை ஒரு பேர் வாயிலை வரேல்லையோ?"

அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன். ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தேன், வாயைத் திறந்தேன், குலம் அண்ணை எதிரில் இருந்து தலையாட்டினார். என்னால் சொல்ல முடியவில்லை. அவுஸ்பில்டுங் மூன்றாம் வருடம் என்று அந்த மனிதரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அதற்குள் அவரே ஒரு சுவரொட்டியோடு வந்தார். அவருடைய மகன் இந்த இசைக் குழு எது என்று கண்டுபிடித்துவிட்டானாம். டோர்ட்மண்டில் நிகழ்ச்சி வைக்கிறார்களாம். சுவரொட்டியில் காலி நாற்காலிகளும் குழுவின் பெயரும்தான் இருந்தன, ஆட்களின் பெயர் இல்லை. எங்கள் சனங்களின் துக்கத்தில் இவ்வளவு பங்கெடுத்த ஜெர்மன்காரரை நேரில் போய்க் கௌரவிக்கவேண்டாமா என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் வானொலியில் அறிவித்தும் விட்டார்.

5

மூடிய சுரங்கம் ஒன்றில், தொழிலாளர் குளித்து உடை மாற்றிய மண்டபத்தைக் கலை நிகழ்ச்சிகளுக்கு விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி. முன்னூறு நாற்காலிகள். ஜெர்மன்காரர் கறுப்புச் சட்டையோடு அங்கங்கே இருந்தார்கள். முன்னால் மூன்று வரிசையில் எங்கள் ஆட்கள், நாற்பது பேருக்கு மேல், பட்டுச் சேலையும் கோட்டுமாக. குலம் அண்ணையின் மடியில் பொன்னாடை. நானும் பவானியும் இரண்டாம் வரிசையின் ஓரத்தில் இருந்தோம்.

வாத்தியக்காரர் வந்தார்கள். நடுவில் செலோவோடு ஆரணி. முன் வரிசையில் ஒரு சலசலப்பு. குலம் அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கிட்டார் தொடங்கியது.

எங்கள் நிகழ்ச்சிகள் எப்படித் தொடங்கும் என்று ஊரில் இருப்பவர்களுக்கும் தெரியும். மங்கள விளக்கு, அதன்பிறகு இறந்தவர்களுக்கு அகவணக்கம். சோக இசை ஒலிக்கும், எல்லாரும் எழுந்து தலை குனிந்து நிற்பார்கள். அறிவிப்பாளர் "அமரலாம்" என்று சொல்லும்வரை உட்காரக்கூடாது. மண்டபம், மேடை, அதோடு மூன்று மாதமாக மரணத்தோடு மட்டும் கேட்ட இசை. முதலில் பரமேஸ் அக்கா எழுந்தார். அடுத்த கணம் நாற்பது பேரும் எழுந்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு தலை குனிந்தார்கள். என் கால்களும் தாமாகவே எழுந்துவிட்டன.

பின்னால் இருந்த ஜெர்மன்காரருக்கு மேடை தெரியவில்லை. ஒருவர் "உட்காருங்கள்" என்று மெல்லச் சொன்னார். பிறகு, குனிந்த தலைகளையும் மூடிய கண்களையும் பார்த்திருப்பார். அவரும் எழுந்துவிட்டார். அவரைப் பார்த்து அவர் மனைவி. ஐந்து நிமிடத்துக்குள் மண்டபமே எழுந்து நின்றது. வயலின்காரர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, இப்படி ஒரு மரியாதை தங்களுக்கு எங்குமே கிடைத்ததில்லை என்பதைப் போல உயிரைக் கொடுத்து வாசித்தார்கள். ஆரணி மட்டும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. தன் இசைக்குத் தன் ஆட்களே செத்தவீடு கொண்டாடுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது இடைவெளியின்றித் தொடங்கியது. யாரும் உட்காரவில்லை. செயற்கை முழங்கால் வைத்திருந்த நடராசா அண்ணை முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடத் தொடங்கினார். சிலர் கள்ளமாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். இந்தப் பகுதியில் ஆறு வருடமாக "அமரலாம்" சொல்வது நான்தான்.

நான் வாயைத் திறந்தால் பிள்ளையின் நிகழ்ச்சி கெடும். திறக்காவிட்டால் நடராசா அண்ணை விழுவார், நிகழ்ச்சி அப்படியும் கெடும். மேளம் இடிக்கும் அந்தப் பாட்டு, இலக்கம் நாற்பத்தேழு, தொடங்கியது. அதன் ஒவ்வொரு நிமிடமும் எனக்குத் தெரியும். ஏழாம் நிமிடத்தில் எல்லாம் நின்று, மேளத்துக்கு முன் ஒரு வெறுமை வரும். வந்தது.

"நன்றி. எல்லோரும் அமரலாம்."

ஒலிவாங்கி இல்லாமலேயே என் குரல் மண்டபம் முழுக்கப் போனது. நாற்பது பேர் பொத்தென்று உட்கார்ந்தார்கள். பின்னால் ஜெர்மன்காரரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். பேசாமல் இருந்திருக்கலாம். ஆரணி முதல்முறையாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்னத்தைச் சொல்வது? என் வாய்க்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான்.

"கெல்சென்கிர்ச்சனைப் பிறப்பிடமாகவும், டோர்ட்மண்டை வதிவிடமாகவும் கொண்ட ஆரணி," என்று தொடங்கியதும் முன் வரிசையில் ஒரு பெண் ஐயோ என்றார். "சிவம் பவானி தம்பதிகளின் அன்பு மகள். இந்த இசையை எழுதியவர் அவர்தான். ஜெர்மன்காரர் அல்ல. அவர் அவுஸ்பில்டுங் செய்யவில்லை, நான் சொன்னது பொய். ஒருவரும் காலமாகவில்லை. இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

உட்கார்ந்தேன். பவானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேளக்காரப் பெடியன் தடிகளைத் தூக்கியபடி சிலைபோல ஆரணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் செலோவின் கழுத்தில் நெற்றியை வைத்திருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இருந்த இடத்தில் எனக்குத் தெரியவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி வில்லை எடுத்தாள், மேளம் விழுந்தது.

6

முடிந்த பிறகு எங்கள் ஆட்கள் மேடைக்குக் கீழே கூடினார்கள். குலம் அண்ணை என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பொன்னாடையை ஆரணிக்குப் போர்த்திவிட்டு விலகிப் போனார். அவருடைய கோபம் நியாயமானது, இரண்டு கிழமை நீடித்தது.

ஆரணி என்னிடம் வந்தாள். பத்து மாதத்தில் மெலிந்திருந்தாள்.

"பதினாறு எண்ணிப்போட்டுத்தான் மேளம், அப்பா. நீங்கள் கதைச்சதிலை நாங்கள் எல்லாரும் எண்ணிக்கையை விட்டிட்டம்."

"பிழைதான் பிள்ளை."

"நான் அதைச் செத்த ஆக்களுக்கு எழுதேல்லை."

"தெரியும். கொம்மா சொன்னவ. எனக்குத்தான் பிந்தி விளங்கினது."

அவள் மேலும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பரமேஸ் அக்கா வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஊரிலையெண்டால் ஒப்பாரி வைக்க ஆக்கள் இருந்திருப்பினம்," என்றார். "இஞ்சை அவருக்கு ஒருத்தரும் வாய்விட்டு அழேல்லை. நானும் அழேல்லை, பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குப் போன் அடிச்சுப்போடுவினம் எண்டு பயம். நீதான் பிள்ளை அவருக்கு ஒப்பாரி வைச்சனி."

ஆரணி விழித்தாள். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதைச் சொல்லும்படி ஒன்றும் நடந்ததில்லை. "அவ என்ன சொல்லுறா அப்பா?" என்று கேட்டாள்.

என்னிடம் இருந்த ஜெர்மன் முழுவதையும் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். செத்தவீட்டில் பெண்கள் கூடியிருந்து, போனவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிப் பாடி அழுவார்கள், சுற்றி நிற்பவர்களும் அதைக் கேட்டுத்தான் அழுவார்கள் என்று. பாதியில் சொல் முட்டியது, கையால் காட்டினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரின் கணவருக்காக நீ அழுததாகச் சொல்கிறார் என்று முடித்தேன்.

"ஆனா நான் அவருக்காண்டி அழேல்லையே அப்பா," என்றாள் ஜெர்மன் மொழியில், மெதுவாக.

"அதை நான் அவவுக்குச் சொல்லமாட்டன்," என்றேன் நானும் அதே மொழியில்.

பரமேஸ் அக்கா கையை விடாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பிள்ளை என்ன சொல்லுறா என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் ஆரணி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஓம் அன்ரி," என்றாள். "அவருக்குத்தான்."